சாலம்மா தைலம்

திருச்செங்கோட்டுப் பக்கம் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டி வந்த புதிதில் ஊர் இரண்டாகப் பிரிந்தது. காடு தோட்டம் வைத்திருந்தவர்கள் அதை அடமானம் வைத்து வண்டி வாங்கினார்கள். அடமானம் வைக்க ஒன்றும் இல்லாதவர்கள் அந்த வண்டியில் வேலைக்கு ஏறினார்கள். சாலம்மாளின் புருஷன் செங்கோடன் ஏறியவன்.

அதற்கு முன்பு அவன் கிணறு வெட்டுகிற ஆள். கடப்பாரையும் சம்மட்டியுமாகப் பாறையோடு மல்லுக்கட்டி, மாதக்கணக்கில் வெட்டியும் ஈரம் காணாத கிணறுகளைப் பார்த்து நொந்துபோனவன். ஒரே பகலில் பாறையைத் துளைத்துக்கொண்டு பாதாளத்துக்குப் போகிற இரும்பைக் கண்டதும் அவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. எழுபத்தாறாம் வருஷம் சுப்பையன் என்கிற தோட்டக்காரர் வண்டி வாங்கினார். அதில் ஹெல்பராக ஏறிய செங்கோடன் சீக்கிரமே துளை போடுகிற டிரில்லர் ஆகிவிட்டான். சாலம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. பிறந்த ஊரான ஆட்டையாம்பட்டிக்குப் போய், தறியும் பிடிக்காமல் காட்டு வேலைக்கும் போகாமல் சுற்றிக்கொண்டிருந்த தன் தம்பி கருப்பண்ணனைக் கையோடு கூட்டிவந்து அதே வண்டியில் ஏற்றிவிட்டாள். மாமனும் மச்சினனும் ஒரே வண்டியில் போகிறார்கள் என்று தெருவில் ஒரு வீடு விடாமல் சொன்னாள்.

காற்றை அழுத்திக் குழிக்குள் அனுப்பித்தான் அந்த வண்டி பாறையை உடைக்கும். உடைந்த பாறை மாவாகி, அதே காற்றோடு வெள்ளையாக மேலே பீறிட்டு வரும். கூடவே கொஞ்சம் தண்ணீரும் பீச்சினால் மாவு சேறாகி அடங்கிவிடும். வண்டியில் அதற்கென்று குழாயே இருந்தது. ஆனால் அந்தக் குழாயைத் தொடத் தோட்டக்காரர்கள் விடமாட்டார்கள். பெண்டாட்டியின் கழுத்தில் கிடந்ததைக் கழற்றி அடகு வைத்து ஆழ்துளை போடுகிறவன் தோட்டக்காரன். காய்ந்த மாவு வந்துகொண்டே இருந்து திடீரென்று ஈரமானால்தான் தண்ணீர் தட்டிவிட்டது என்று அவனுக்கு நம்பிக்கை. மேலேயிருந்து நீங்களே ஊற்றினால் எது நீங்கள் ஊற்றிய தண்ணீர், எது என் நிலத்துத் தண்ணீர் என்று நான் எப்படிக் கண்டுகொள்வது என்று கேட்பான். கேட்டது நியாயம்தான். அந்த நியாயத்துக்குத்தான் ஆட்கள் செத்தார்கள்.

ஆகவே எல்லாத் தோட்டத்திலும் உலர் துளைதான். துளைக்கிற இரும்புத் தண்டு, ஒவ்வொரு ராடு, இறங்கியதும் டிரில்லர் குழி வாயருகே குனிந்து, பீறிடுகிற மாவில் ஒரு கை பிடித்துத் தோட்டக்காரர் உள்ளங்கையில் கொட்டவேண்டும். அவர் அதைத் தேய்த்துப் பார்ப்பார், மோந்து பார்ப்பார், பக்கத்தில் நிற்கிற பங்காளியிடம் காட்டுவார். "காஞ்சுதான் கெடக்குது. இன்னொரு ராடு எறக்குங்க" என்பார். டிரில்லர் மறுபடியும் குனியவேண்டும். செங்கோடன் துண்டை நாலாக மடித்து மூக்கையும் வாயையும் சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொள்வான். பாதுகாப்பு என்று சொல்ல அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வரும்போது புருவம், இமை, காது மடல் எல்லாம் வெள்ளை. "மாவு மில்லுல இருந்து வாராப்பல வாரீங்க" என்று கேலி பேசிக்கொண்டே சாலம்மாள் அவன் தலையில் தண்ணீர் ஊற்றிவிடுவாள். அப்போது சிரித்த சிரிப்பை நினைத்தால் பிற்காலத்தில் அவளுக்கு வயிறு எரியும்.

எண்பதில் இருமல் ஆரம்பித்தது. முதலில் காலையில் மட்டும். பிறகு பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு நடப்பதற்குள் இரண்டு இடத்தில் நிற்க ஆரம்பித்தான். யாராவது பார்த்தால் பீடி பற்றவைக்கிறவன் மாதிரி பாவனை செய்வான். தெருவில் காசநோய் என்று பேசிக்கொண்டார்கள். தண்ணீர் கேட்டால் சொம்பைத் தூரத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். சாலம்மாளுக்கு அந்தப் பேச்சைவிட அவன் மூச்சின் சத்தம்தான் பயமாக இருந்தது. பள்ளிபாளையத்தில் ஒரு தறிப்பட்டறையில் மேஸ்திரியாக இருந்த தன் சித்தப்பா பெரியசாமியைப் போய்ப் பார்த்தாள். அங்கே வாட்ச்மேன் வேலை காலியாக இருந்தது. நிழலில் உட்கார்ந்திருக்கிற வேலை. தை பிறந்ததும் வந்து சேரச் சொன்னார்.

"போயிரலாங்க. இந்த வண்டி பொழப்பு நமக்கு வேண்டாங்க" என்றாள் புருஷனிடம்.

"செரி புள்ள, போயிரலாம்" என்றான் செங்கோடன். முதலாளி சுப்பையனிடமும் சொல்லிவிட்டான். அவர் முகம் சுருங்கிப்போனது. கைதேர்ந்த டிரில்லர் போனால் யாருக்குத்தான் சுருங்காது?

தைக்கு முன்னால் மார்கழி வந்து தொலைத்தது. பனியில் செங்கோடனால் படுக்க முடியவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே கிடந்தான். பார்க்கச் சகிக்காமல் சாலம்மாள் ஆட்டையாம்பட்டி நாட்டு மருந்துக்கடைக்கு ஓடினாள். கடைக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு மூன்று பொட்டலம் கட்டிக் கொடுத்தார்: புதினா உப்பு, ஓம உப்பு, பச்சைக் கற்பூரம். மூன்றையும் ஒரே சீசாவில் போட்டு மூடிக் குலுக்கு, அடுப்பில் வைக்க வேண்டாம், தானாக உருகிவிடும் என்றார். அப்படியே உருகியது. மூன்று கட்டிப் பொருள்கள் நெருப்பே இல்லாமல் எண்ணெயாகிப் போனதைப் பார்த்ததும், இதில் ஏதோ தெய்வ சக்தி இருக்கிறது என்று அவள் முடிவுகட்டிவிட்டாள். பஞ்சில் இரண்டு சொட்டு விட்டு அவன் மூக்கருகே பிடித்தாள்.

செங்கோடன் இழுத்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. இன்னொரு தரம் இழுத்தான். தோள்பட்டை இறங்கியது.

"நெஞ்சுக்குள்ள சன்னலத் தொறந்துவிட்டாப்பல இருக்குது புள்ள" என்றான்.

அன்றைக்குச் சுவரில் சாய்ந்தபடி தூங்கினான். மறுநாள் கடைத்தெருவரை போய்வந்தான். அடுத்த வாரம் பஞ்சைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு வண்டிக்கே போய்விட்டான். நாலு மடிப்புத் துண்டில் தைலம் தங்கிக் கண்ணைக் கரித்ததால், மடிப்பைப் பிரித்து ஒற்றையாகக் கட்டினான். மூச்சை இழுத்தால் ஜில்லென்று இறங்கியது. அந்தச் சுகத்துக்காகவே இன்னும் ஆழமாக இழுத்தான்.

தை பிறந்தது. வருவதாகச் சொன்னவர்கள் வராததால் பெரியசாமியே தேடிக்கொண்டு வந்தார். மருமகன் குத்துக்கல்லாக எழுந்து நின்று கும்பிட்டதைப் பார்த்து அவருக்கே ஆச்சரியம்.

"இப்பத் தேறிட்டாருங்க சித்தப்பா. இன்னம் ரெண்டு வருசம் வண்டிக்குப் போனா ஊட்டுக்கு ஓடு மாத்திப்போட்டறலாம்னு பாக்கறமுங்க" என்றாள் சாலம்மாள். ஆம், சொன்னவள் அவள்தான். ஒழுகுகிற கூரைக்குக் கீழே பானையும் சட்டியும் ஏந்திப் பிடித்த எந்தப் பெண்ணும் அதைத்தான் சொல்லியிருப்பாள். பெரியசாமி எழுந்து போய் அந்த வேலைக்கு வேறொரு ஆளைப் போட்டுவிட்டார்.

அந்த மாதமே முதலாளி சுப்பையன் அவள் வீட்டு வாசலுக்கு வந்தார். அந்த வாசலை அவர் மிதித்தது அதுதான் முதல் தடவை. "சாலம்மா, உன்ற மருந்து ஆளையே மாத்திப்போட்டுதே. மத்த பசங்களுக்கும் ஒரு சீசா கலக்கிக் குடு சாமி" என்றார். தன்னிடம் முதலாளி ஒன்றைக் கேட்டு வாங்கிப் போகிறார் என்பதில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கலக்கிக் கொடுத்தாள். டிரில்லர் நிற்கிற இடத்தில், லீவருக்குப் பக்கத்தில், அந்தச் சீசாவைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டார்கள். சாலம்மா தைலம் என்று பசங்களே பெயரும் வைத்தார்கள். மற்ற வண்டிக்காரர்களும் கேட்டு வந்தார்கள். சொம்பைத் தூரத்தில் வைத்த அதே தெரு, சளிக்கும் இழுப்புக்கும் அவளிடம் பஞ்சை நீட்டியது. அவள் நடையே கொஞ்சம் மாறிப்போனது என்று பொறாமைக்காரர்கள் சொன்னார்கள். பொய்யில்லை.

எண்பத்திரண்டில் மழை பொய்த்தது. அடுத்த வருஷமும் அப்படித்தான். கிணறெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு கிடக்க, ஊர் ஊருக்கு ரிக் வண்டியைக் கூப்பிட்டார்கள். தண்ணீர் இல்லாத வருஷத்தில் துளை இன்னும் ஆழம் போகும். ஆழம் போகப்போக மாவுதான் வரும். காலையில் ஆரம்பித்தால் இருட்டும்வரை செங்கோடன் குனிந்து குனிந்து காய்ந்த மாவை அள்ளித் தோட்டக்காரர்களின் கையில் கொட்டினான். அவர்கள் அழுதார்கள், இவன் தைலத்தை மோந்துகொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போனான். கெங்கவல்லிப் பக்கம் ஒரு காட்டில் மாவுக்குக் கை நீட்டியவன் அப்படியே குழி வாய்மேல் சரிந்துவிட்டான். கருப்பண்ணன்தான் மாமனைத் தூக்கி லாரியில் போட்டுச் சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

அங்கே நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், செய்தி கேட்டு ஓடிவந்த சாலம்மாளிடம் என்ன வேலை, எத்தனை காலமாக என்று விசாரித்தார். பேச்சின் நடுவே, "என்ன வாசம் இது?" என்றார்.

சாலம்மாள் மடியிலிருந்து சீசாவை எடுத்துக் காட்டினாள். "இதுதானுங்க இவரை இத்தன நாளு நடமாட வெச்சுது" என்றாள். அந்த நேரத்திலும் அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

டாக்டர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். வயசானவர், திட்டுகிற ரகம் இல்லை. "புதினா மிட்டாயை வாயில போட்டுக்கிட்டுத் தண்ணி குடிச்சிருக்கியாம்மா?"

"குடிச்சிருக்கறனுங்க."

"ஜில்லுன்னு இருக்கும். தண்ணி என்ன ஐஸ் தண்ணியா ஆயிடுது? அதே தண்ணிதான். வாய்க்கு அப்படித் தோணுது. இதுவும் அந்த மாதிரிதான். மூக்குல பட்டதும் நிறையக் காத்து வர்ற மாதிரி இருக்கும், திணறல் குறைஞ்ச மாதிரி இருக்கும். நுரையீரல்ல ஒண்ணும் மாறாது. தப்பான பொருள் இல்லம்மா. சும்மா படுத்துக் கிடக்கிற நோயாளிக்கு இது ஒரு ஆறுதல். ஆனா இவர் இதைத் தூசியில நின்னுக்கிட்டு மோந்திருக்கார். நல்லா இருக்குன்னு இழுத்து இழுத்து விட்டிருக்கார். என்னத்தை இழுத்தார்னு நினைக்கிறே?"

சாலம்மாள் சீசாவை வாங்கி மடியில் திணித்துக்கொண்டாள்.

"நெஞ்சு பூரா பாறைம்மா. மூணு வருஷத்துக்கு முன்னாடி வேலையை விட்டிருந்தா வேற கதை. இனிமே சரியாகாது."

மூன்று வருஷத்துக்கு முன்பு என்றால் தை மாதம், பெரியசாமி வந்து நின்றது. அவள் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஆஸ்பத்திரிச் சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாமா என்று இருந்தது அவளுக்கு. முட்டிக்கொள்ளவில்லை. புருஷனுக்கு இட்லி வாங்க வெளியே போனாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சீசாவைக் குப்பைமேட்டில் வீசினாள். பொழுது சாய்ந்ததும் செங்கோடனுக்குத் திணறல் கண்டது. கயிற்றுக்கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கழுத்து நரம்பெல்லாம் புடைக்க, கையை நீட்டினான்.

"அது வெறும் பொய்யுங்க" என்றாள்.

"பொய்யின்னு... எங்கிட்டயும்தான்... சொன்னாரு" என்றான், ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தி. "இருந்துட்டுப் போவுது. கொண்டா."

அவள் குப்பைமேட்டில் கையால் துழாவி அதை எடுத்துவந்தாள். பஞ்சை மூக்கருகே வைத்ததும் அவன் முகம் தெளிந்தது. அவனைக் கொன்றுகொண்டிருந்த அதே சீசாவைத் தவிர, அவனுக்குக் கொடுக்க அவள் கையில் வேறு சுகம் எதுவும் இல்லை. இப்படி ஒரு நிலையில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்திய கடவுளை அவள் அன்று வாய்விட்டுத் திட்டினாள். திட்டியதில் தப்பே இல்லை.

மறுநாள் சுப்பையன் வீட்டுக்குப் போனாள். "அந்தச் சீசாவை வண்டியில இருந்து அவுத்துருங்க மொதலாளி. அது மூக்கத்தான் ஏமாத்துது. தண்ணிக் குழாயப் போட்டுத் தொளச்சா மாவு வராதுங்க" என்றாள்.

சுப்பையன் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். "எனக்குத் தெரியாதா சாலம்மா? எங்கய்யன் இழுப்புல கெடந்தப்பவே வைத்தியரு சொல்லியிருக்காரு, இது மூக்குக்குத்தான், நெஞ்சுக்கில்லேன்னு."

"தெரிஞ்சேவா கேட்டு வாங்குனீங்க?"

"இதுல என்ன கெடுதி? பசங்க சொகமா வேல பாத்தாங்க. தண்ணி பீச்சுனா எந்தத் தோட்டக்காரன் நம்ம வண்டியக் கூப்புடுவான்? அடுத்த வண்டிக்குப் போயிருவான். நீயே ரோசன பண்ணிப் பாரு." அவர் கோபப்படவில்லை. உள்ளே பார்த்து அவளுக்கு மோர் கொண்டுவரச் சொன்னார். அவள் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டாள். ஈவிரக்கம் இல்லாதவராக இருந்திருந்தால்கூட மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்திருக்கலாம். நல்லவர் மாதிரிப் பேசுகிறவரை என்ன செய்வது?

திரும்பி வருகிற வழியிலேயே தம்பியைப் பிடித்தாள். "கருப்பண்ணா, நீயாச்சும் வண்டிய உட்டு எறங்கிரு. அக்கா சொல்றதக் கேளு."

கருப்பண்ணன் காலால் மண்ணைக் கிளறினான். "மாமன் எடத்துக்கு என்னப் போட்டிருக்காங்கக்கா. இப்ப நாந்தான் டிரில்லரு" என்றான். அவன் பெண்டாட்டி மாரக்காள் அப்போது மாசமாக இருந்தாள். சாலம்மாள் வீட்டைப் பார்த்து நடந்தாள்.

செங்கோடன் அடுத்த ஆனிவரை இருந்தான். கடைசிவரை உட்கார்ந்தபடியேதான், செத்ததும் உட்கார்ந்தபடிதான். பிணத்தை நீட்டிப் படுக்கவைக்கச் சிரமப்பட்டார்கள். சாவுக்கு ரிக் பசங்கள் எல்லோரும் வந்தார்கள். ஒவ்வொருவன் குனிந்து மாலை போடும்போதும் அவன் தோள் துண்டிலிருந்து தைல வாசம் அடித்தது. "உங்க தைலந்தானுங்கக்கா எங்களுக்கு உசுரு" என்று ஒருவன் அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டான். சாலம்மாளுக்கு அழுகை நின்றுபோனது. அவனை நாலு அறை அறையலாம் என்றுகூடக் கை வந்தது.

அதற்குப் பிறகு அவள் தைலம் கலக்கவில்லை. பருத்தி எடுக்கவும் கடலைக்காட்டுக்கும் போய்ப் பிழைத்தாள். சுப்பையன் நாமக்கல்லிலிருந்து சரக்கு வாங்கி, கணக்கப்பிள்ளையை விட்டுக் கலக்கிக்கொண்டார். அதற்கும் சாலம்மா தைலம் என்றுதான் பெயர். அவள் பெயரை அவளைக் கேட்காமலே எடுத்துக்கொண்டார்கள். அவளும் போய்ச் சண்டை போடவில்லை. போட்டிருக்கலாம்.

எண்பத்தேழில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயிலில், கருப்பண்ணன் அவள் வீட்டுக்கு வந்தான். வந்தவன் உள்ளே வரவில்லை. வாசல் நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சுவிட்டபடி நின்றான். பேச வாயைத் திறந்துவிட்டு, பொறு என்று கையைக் காட்டினான். சாலம்மாளுக்கு அந்த நிற்றல் தெரியும். முறத்தில் புடைத்துக்கொண்டிருந்த அரிசியை அப்படியே கீழே வைத்தாள்.

"எப்ப இருந்துடா?"

"போன ஐப்பசில இருந்து."

"ஏண்டா எங்கிட்டச் சொல்லல?"

அவன் சிரிக்கப் பார்த்தான். இருமல்தான் வந்தது. அவள் அவனைப் பிடித்து உட்காரவைத்து, முதுகைத் தடவிவிட்டாள். சட்டைக்குள் விலா எலும்பு ஒவ்வொன்றும் கைக்குத் தட்டுப்பட்டது.

"நாளைக்கே பள்ளிபாளையம் போலாம். சித்தப்பன் காலப் புடிச்சாவது வாட்ச்மேன் வேல வாங்கித் தாரேன். எறங்கிருடா."

"கேட்டுட்டேன்கா. போன மாசமே போயிருந்தேன். இருமற ஆளு வேண்டாம்னுட்டாங்க பட்டறைக்காரங்க." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டான். "ரெண்டு புள்ளைக்கா. வண்டிய உட்டா எங்க போறது?"

சாலம்மாள் ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து அவன் கையில் கொடுத்தாள்.

"தைலம் கலக்கிக் குடுக்கா. அவுங்க கலக்கறதுல வாசமே இல்ல. மத்தியானத்துக்கு மேல நிக்க முடியறதில்ல."

"அது என்ன பண்ணும்னு உனக்குச் சொல்லியிருக்கறேன்ல. மாமன் போனதப் பாத்தவன்தானே நீ."

"தெரியும்கா. வண்டியில எல்லாத்துக்குமே தெரியும்." அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். கண் இரண்டும் சிவந்திருந்தன. "தெரிஞ்சா மட்டும் மூச்சு வந்துருதா?"

மாட்டேன் என்று சொல்லத்தான் அவள் நினைத்தாள். சொல்லியிருந்தால் அவன் எழுந்து, அந்த வெயிலில் பேருந்து நிறுத்தம்வரை அப்படியே திணறிக்கொண்டு நடந்து, மறுநாள் காலை வண்டிக்குப் போயிருப்பான். கையைப் பிடித்துக் கூட்டிவந்து அதில் ஏற்றிவிட்டவள் அவள். அவள் உள்ளே போனாள். புருஷனுக்கென்று வாங்கி மீந்துபோன பொட்டலங்கள் மச்சுப் பலகையில் ஒரு டப்பாவுக்குள் இருந்தன. கலக்கினாள். பஞ்சை நனைத்து எடுத்துவந்து தம்பியின் மூக்கருகே பிடித்தாள்.

"மெதுவா இழு சாமி" என்றாள். "கொஞ்சமா இழு."

கருப்பண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, நெஞ்சு கொண்டமட்டும் இழுத்தான்.